650 சிசி பைக்கில் 120 கிலோமீட்டர் வேகத்தை நாற்பது நிமிடம் தாங்க முடியவில்லை: கோளாறு வண்டியிலா, என்னிடமா?

நொய்யல்காரன் (திருப்பூர்):

வணக்கம். பிப்ரவரியில் ஒரு பழைய சுசுகி வி-ஸ்ட்ராம் 650 பைக் வாங்கினேன். 2019 மாடல், 31,000 கிலோமீட்டர் ஓடியது. ஏலச்சீட்டு எடுத்து வாங்கியதால் வீட்டில் வண்டிக்குப் பெயரே 'சீட்டு'தான். இதற்கு முன்னால் ஒன்பது வருடம் 350 சிசி வண்டி. அதில் 80ஐத் தாண்டிப் பழக்கமே இல்லை.

மே கடைசி வாரம் கிளம்பி ஸ்ரீநகர் வழியாக லே போய், மணாலி வழியாகத் திரும்புவதாகத் திட்டம். தனியாகத்தான். பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். 22 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட லீவு கிடையாது. அதனால் டெல்லி வரையிலான சுமார் 2,400 கிலோமீட்டரை மூன்றே நாளில் முடித்துவிட்டு, மிச்ச நாளை மலையில் செலவழிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். நாளுக்கு 800. நேர்கோடு மாதிரி ஒரே 44ஆம் எண் சாலை, 120ல் பிடித்தால் ஏழு மணி நேரம்தானே என்று.

போன ஞாயிறு ஒத்திகை பார்த்தேன். இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, பின்னால் டாப் பாக்ஸ், லேவுக்கு எடுத்துப்போகும் அத்தனை சாமானும் ஏற்றிக்கொண்டு விடிகாலை 5 மணிக்கு அவிநாசியில் ஏறினேன். கிருஷ்ணகிரி வரை போய்த் திரும்புவதுதான் எண்ணம். சங்ககிரி தாண்டுவதற்குள் கழுத்து கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. ஹெல்மெட் உதறும் உதறலில் முன்னால் போகும் லாரியின் 'சவுண்ட் ஹாரன்' இரண்டிரண்டாகத் தெரிந்தது. தொப்பூர் ஏற்றத்தில் வேகம் குறைத்த பிறகுதான் மூச்சு வந்தது. கிருஷ்ணகிரி போகவில்லை, தர்மபுரியில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அன்று இரவு பத்து மணி வரை காதுக்குள் சில்வண்டு.

பிஎம்டபிள்யூ 1250 ஜிஎஸ் பைக் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "650 எல்லாம் டூரிங் வண்டியா? லிட்டர் கிளாஸ், அதாவது 1000 சிசி பக்கம் எடுத்திருக்க வேண்டும், நான் நாள் முழுக்க 140ல் போகிறேன்" என்கிறார். அவர் சொல்வது உண்மையா? நான் 5 அடி 11 அங்குலம். வண்டியின் முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி கம்பெனி கொடுத்ததுதான். ஹெல்மெட் முன்னால் கூரை நீட்டிய அட்வென்ச்சர் வகை. நீங்கள் எல்லாம் நாள் முழுக்க என்ன வேகத்தில் பிடிக்கிறீர்கள்? இன்னொரு சீட்டு எடுக்கத் தெம்பில்லை.

பைபாஸ் பரோட்டா (மதுரை):

என்னிடம் இருப்பது டைகர் 900 பைக், இரண்டு வருடம், 24,000 கிலோமீட்டர். உங்கள் நண்பர் சொல்வது சரிதான் ப்ரோ. மூன்று சிலிண்டர் 130ல் சோபாவில் சாய்ந்த மாதிரி ஓடும். மதுரையில் இருந்து சென்னைக்குப் போனால் விழுப்புரம் வரை 140க்குக் கீழே நான் இறங்குவதில்லை. 650ஐ அந்த வேகத்தில் பிடித்தால் மாவு பிசைகிற மாதிரி பிசைந்துகொண்டே போக வேண்டியதுதான். இப்போதே விற்றால் நல்ல விலை போகும்.

மாங்கனி லாரி (கிருஷ்ணகிரி):

தம்பி நொய்யல், வண்டியை விற்க வேண்டாம். தர்மபுரியோடு திரும்பாமல் இன்னும் முக்கால் மணி நேரம் வந்திருந்தால் எங்கள் ஊர் டீயாவது குடித்திருக்கலாம்.

எனக்கு 54 வயது. மாங்கூழ் பேரல் ஏற்றும் லாரி இரண்டு சொந்தமாக இருந்தது. சின்ன வயதில் அதில் நானே நாக்பூர் வரை ஓட்டியிருக்கிறேன். இப்போது ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் பைக் வைத்திருக்கிறேன், அதற்கு முன்னால் உங்களிடம் இருக்கும் அதே 650. இரண்டிலும் ஹைதராபாத்துக்கு எத்தனை முறை என்று கணக்கில்லை, பெண்ணை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறேன்.

முதலில் எஞ்சின் விஷயம். உங்கள் வண்டிக்குச் சுமார் 70 குதிரைத் திறன். பெட்டியெல்லாம் மாட்டி 120ல் சமதரையில் போக அதில் பாதிகூடச் செலவாகாது. அப்படியிருக்க எஞ்சின் எப்படித் திணறும்? திணறியது உங்கள் கழுத்து. 1300 சிசி வாங்கினாலும் கழுத்து அதே கழுத்துதான்.

காற்று என்ன செய்கிறது என்று பாருங்கள். 100ல் இருந்து 120க்குப் போனால் வேகம் கூடுவது ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் நெஞ்சில் அறையும் காற்று 1.44 மடங்கு ஆகிவிடும். அதைக் கிழிக்க எஞ்சின் போடும் உழைப்பு 1.7 மடங்கு. 140 என்றால் 2.7 மடங்கு. லாரிக்காரனுக்கு இதைப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை, டீசல் பில் சொல்லிவிடும்.

பில் என்றதும் ஒன்று. எனக்கு லாரிக்காலத்தில் இருந்து நோட்டு எழுதும் பழக்கம். வீட்டில் இருந்து மகள் வீடு 660 கிலோமீட்டர். ஒரு முறை வெறியாக 120, 130 என்று பிடித்தேன். காலை 5 மணிக்குக் கிளம்பி மாலை 3.40க்குப் போய்ச் சேர்ந்தேன். நிறுத்தம் ஏழு, லிட்டருக்கு 19. இரண்டு மாதம் கழித்து அதே வண்டி, அதே சுமை, 95 முதல் 100க்குள். அதே 5 மணிக்குக் கிளம்பி 4.05க்குப் போய்ச் சேர்ந்தேன். நிறுத்தம் நாலு, லிட்டருக்கு 25. எட்டு லிட்டர் பெட்ரோலைக் கூடுதலாக எரித்து நான் சம்பாதித்தது 25 நிமிடம். முதல் முறை மகள் கதவைத் திறந்ததும் "அப்பா, உடம்பு சரியில்லையா?" என்றாள். இரண்டாம் முறை பேரனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

அந்த 25 நிமிடம்தானா என்று நானே யோசித்துப் பார்த்தேன். வேகமாகப் போனவன் அடிக்கடி நிறுத்துகிறான், நிறுத்தினால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. டீ ஒன்று என்பது டீ, தண்ணீர், கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது, போன் என்று இருபது நிமிடம் ஆகிவிடுகிறது. அப்புறம் சுங்கச்சாவடி ஓரப்பாதை, அனந்தபூர் பக்கத்து ஊர்களில் மீடியன் திறப்பு, எதிர்த்திசையில் ஓரமாக வரும் டிராக்டர்... இவையெல்லாம் எல்லோருக்கும் பொது. 120ல் வருபவனுக்கென்று யாரும் வழி விடுவதில்லை.

சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2018 அறிவிப்பின்படி நாலு வழிச்சாலையில் இருசக்கர வண்டிக்கு உச்ச வேகம் 80. காருக்குத்தான் 100. ஆக 95 என்று எழுதும் நானும் குற்றவாளிதான், பெரிய மனுஷன் பேச்சு எனக்கு எதற்கு. ஆனால் இந்தக் கணக்கை மட்டும் மனதில் வையுங்கள்: நாய் குறுக்கே வந்து, ஒரு நொடியில் சுதாரித்து, காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் 80ல் சுமார் 53 மீட்டரில் நிற்கலாம். 100ல் 76. 120ல் நூற்றைத் தாண்டும். இந்தப் பெரிய வண்டிகளின் கெட்ட குணமே 110ஐ 70 மாதிரி காட்டுவதுதான். லாரியில் 70ல் போனாலே உடம்பு முழுக்கத் தெரியும்.

இப்போது டாப் பாக்ஸ். அதில் என்ன வைத்தீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். டூல்ஸ், தண்ணீர் கேன், பஞ்சர் கிட், செயின் ஸ்ப்ரே. எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள், திறக்கச் சுலபம். நானும் வைத்தேன். ஆந்திராவில் குத்தி என்ற ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கன்டெய்னர் லாரியை 125ல் ஏறிக் கடக்கிறேன். அதன் மூக்கைத் தாண்டி வெளியே வந்ததும் பக்கவாட்டுக் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. அவ்வளவுதான், வண்டியின் பின்பகுதி மீன் வால் மாதிரி ஆட ஆரம்பித்தது. ஹேண்டில் நடுங்கவில்லை, முழு வண்டியே இடமும் வலமுமாக நெளிகிறது. நொடிக்கு இரண்டு, மூன்று ஆட்டம் இருக்கும். கை இறுக்கிப் பிடிக்கத்தான் சொல்லும். பிடிக்கக் கூடாது. பிரேக்கும் கூடாது, ஆக்சிலேட்டரைப் படக்கென்று விடவும் கூடாது. நான் செய்தது, கையைத் தளர்த்தி, டேங்க் மேல் நெஞ்சைச் சாய்த்து, முழங்காலால் டேங்கைக் கவ்வி, திராட்டிலை மெல்ல இறக்கியதுதான். 100க்கு வந்ததும் ஆட்டம் தானாக அடங்கியது. ஓரம் கட்டிப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் டாப் பாக்ஸைத் திறந்தேன். ஐந்து லிட்டர் தண்ணீர் கேனும் டூல்ஸும் சேர்ந்து பன்னிரண்டு கிலோ, பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில். முன் சக்கரத்தின் பிடியை நானே குறைத்து வைத்திருக்கிறேன்.

இரும்பும் தண்ணீரும் பக்கப் பெட்டியின் அடியில், முடிந்த அளவு முன்னால் போகட்டும். டாப் பாக்ஸில் ஸ்வெட்டரும் ரெயின்கோட்டும் போதும். பெட்டிக்குள் மூடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எவ்வளவு எடை, எவ்வளவு வேகம் என்று. யாரும் படிப்பதில்லை, படியுங்கள்.

மூன்று நாளில் டெல்லியும் வேண்டாம். ஐந்து நாள். முதல் நாள் அனந்தபூர், இரண்டாம் நாள் நிர்மல், மூன்றாம் நாள் சியோனி, நாலாம் நாள் ஜான்சி, ஐந்தாம் நாள் டெல்லி. ஒரு நாளைக்கு 420இல் இருந்து 570க்குள் வரும். போக ஐந்து, வர ஐந்து என்றாலும் 22இல் 12 நாள் கையில் இருக்கிறதே. அது போதாதா?

குன்னூர் மஞ்சப்பை (கோவை):

அண்ணா, நான் பிசியோதெரபிஸ்ட். வெர்சிஸ் 650 ஓட்டுகிறேன். என் உயரம் 5 அடி 3 அங்குலம், ஆகவே உங்களுக்கு நேர் எதிரான பிரச்சினையோடு ஆரம்பித்தவள். இருந்தாலும் கழுத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு இரண்டு வகையில் உரிமை இருக்கிறது.

உங்கள் கழுத்தை வலிக்க வைத்தது வேகமான காற்று இல்லை, கலங்கிய காற்று. கண்ணாடியின் மேல் விளிம்பில் இருந்து கிளம்பும் சுழல் சரியாக உங்கள் ஹெல்மெட்டின் நெற்றியில் வந்து மோதுகிறது. ஆள் உயரமாக இருந்தால் இது சாதாரணம். சோதித்துப் பார்க்க ஒரு காசு செலவில்லை. காலியான சாலையில் 90ல் போகும்போது ஃபுட்பெக்கில் காலை ஊன்றி ஒரு சாண் எழுந்து பாருங்கள். உதறல் நின்று ஒரே சீரான காற்று முகத்தில் அடித்தால், கண்ணாடி உங்களுக்கு உயரம் அதிகம். அப்புறம் குனிந்து பாருங்கள். குனிந்தால் அமைதியாக இருந்தால் உயரம் போதவில்லை. எல்லோரும் நேரே போய்ப் பெரிய கண்ணாடி வாங்கி மாட்டுகிறார்கள்; பாதிப் பேருக்குச் சுழல் நெற்றியில் இருந்து உச்சந்தலைக்கு இடம் மாறியதுதான் மிச்சம். விளிம்பில் கிளிப் போட்டு மாட்டும் சின்னத் துண்டு ஒன்று கிடைக்கிறது, கோணத்தை மாற்றலாம். முதலில் அதைப் பாருங்கள்.

ஹெல்மெட்டின் கூரையை இன்றே கழற்றுங்கள். நாலு திருகுதான். 120ல் அது பாய்மரம். தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கழுத்துத் தசை அதோடு மல்லுக்கு நிற்கிறது. மலையில் வெயில் கண்ணில் படும் இடத்தில் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

காதில் சில்வண்டு என்று விளையாட்டாக எழுதியிருக்கிறீர்கள். அது விளையாட்டு இல்லை அண்ணா. 100ஐத் தாண்டினால் ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தமே 100 டெசிபல் பக்கம் போய்விடும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். நீங்கள் போனது எத்தனை மணி நேரம்? மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை உருட்டி, காதின் மேல்நுனியைப் பின்பக்கம் இழுத்துப் பிடித்துச் செருகுங்கள். ஹாரன் கேட்காமல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். காற்றின் இரைச்சல் அடங்கிய பிறகு ஹாரன் தெளிவாகவே கேட்கும். சாயங்காலம் வரும் களைப்பில் பெரும்பங்கு இந்த இரைச்சலால் வருவது, நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று, நீங்கள் போவது மே கடைசி. ஆதிலாபாத், ஹிங்கன்காட், நாக்பூர் வழி. வலைத்துணி ஜாக்கெட் வைத்திருப்பீர்கள், காற்று உள்ளே போனால் குளிரும் என்று நினைப்பீர்கள். நம் தோலின் சூடு 35 டிகிரி பக்கம். வெளிக்காற்று அதைவிடக் குறைவாக இருக்கும் வரைதான் காற்று நம்மைக் குளிர வைக்கும். 44 டிகிரி காற்றை 100 வேகத்தில் உடம்பின் மேல் ஊதினால் அது ஹேர் டிரையர். வியர்வை தோலில் தங்காமல் பறந்துவிடும், வியர்க்கவே இல்லை என்று ஏமாந்துபோவீர்கள். அந்த நேரத்தில் ஜாக்கெட்டை மூடித்தான் வைக்க வேண்டும். உள்ளே பருத்திப் பனியனை நனைத்துப் போட்டுக்கொண்டு, கழுத்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் திறந்து வையுங்கள், மெல்ல மெல்ல ஆவியாகும். திருப்பூர்க்காரருக்குப் பனியனைப் பற்றி நான் சொல்வது கொஞ்சம் அதிகம்தான்!

கார், பஸ் எதிலும் வராத ஒரு தப்பு பைக்கில் வரும்: இறங்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது. பெண்களுக்குக் கழிப்பறை பயத்தால் இது இன்னும் அதிகம். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

றைன் நதிப்பக்கம் (ஜேர்மனி):

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்து ஆள், முப்பது வருசமாக டூயிஸ்புர்க்கில். 1250 ஜிஎஸ் ஓடுகிறேன். தம்பியின் நண்பர் சொல்லும் அதே மோட்டார் சைக்கிள். வேகக் கட்டுப்பாடே இல்லாத பகுதிகள் என் வீட்டு வாசலில் இருக்கின்றன என்பதால் நானும் ஒரு வார்த்தை.

இங்கே கட்டுப்பாடு இல்லாத இடத்திலும் 130 என்பது பரிந்துரை வேகம். பெட்டிகளோடு நெடுந்தூரம் போகும் ஜிஎஸ்காரர்களை இங்கத்தைய ஓட்டோபான் நெடுஞ்சாலையில் பாருங்கள். பெரும்பாலும் 120க்கும் 130க்கும் இடையில், வலது பக்கத்தில், பேசாமல் போய்க்கொண்டிருப்பார்கள். 160ல் பறப்பவர்கள் பெட்டி இல்லாமல், அடுத்த பெற்றோல் நிலையம் வரைதான் பறப்பார்கள். நான் ஒருமுறை ஃபிராங்ஃபுர்ட் தாண்டி பாசல் பக்கம் போகும் ஏ5இல் ஆசைக்கு 160ல் பிடித்துப் பார்த்தேன். 130ல் நூறு கிலோமீற்றருக்கு 5.6 லீற்றர் குடிக்கிற மோட்டார் சைக்கிள் அன்று 7.5 குடித்தது. 20 லீற்றர் ராங்கில் 350 போக வேண்டியவன் 260இல் நிலையம் தேடினேன். மூன்றாவது மணித்தியாலத்தில் பார்வை ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பது போலச் சுருங்கிவிட்டது. கிட்ட இருக்கிற கார் மட்டும்தான் தெரிகிறது. இது களைப்பு என்று அப்போது விளங்கவில்லை, கவனம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ரயர் விசயமும் சொல்ல வேண்டும். பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் ஒரு எழுத்து இருக்கும். கியூ என்றால் 160 வரை, ஆர் 170, எஸ் 180, டி 190, எச் 210, வி 240. மண்பாதைக்கென்று கட்டை கட்டையாக இருக்கும் ரயர்களில் பல கியூதான். இங்கே மோட்டார் சைக்கிளின் வேகத்துக்குக் குறைந்த எழுத்து உள்ள குளிர்கால வகை ரயர் போட்டால், உச்ச வேகத்தை ஓட்டுபவர் கண்ணில் படும்படி ஒட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். அந்த எழுத்து புது ரயருக்கு, சரியான காற்றுக்கு, அளவான பாரத்துக்கு. நேர்ச்சாலையில் ஆயிரக்கணக்கில் ஓடினால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு மலை வளைவில் சாய்க்கும்போது விளிம்பில் இருந்து விழுவதுபோல ஒரு உணர்வு வரும். தம்பி 2,400 கிலோமீற்றர் நேரே ஓடிவிட்டு உடனே மலையில் ஏறப் போகிறார், அதனால் சொன்னேன்.

பைபாஸ் பரோட்டா:

// பெட்டி இல்லாமல், அடுத்த பெற்றோல் நிலையம் வரைதான் // சரி சரி, நான்தான் அது. மதுரை–சென்னை 460 கிலோமீட்டருக்கு மேல் ஒரே நாளில் நான் போனதில்லை, பெட்டியும் மாட்டியதில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் டைகர் சோபாதான்.

நொய்யல்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கூரையைக் கழற்றிவிட்டேன். எழுந்து நின்று பார்த்தேன், உதறல் நின்றது, ஆக கண்ணாடிதான். மாங்கனி அண்ணா, டாப் பாக்ஸில் நீங்கள் சொன்ன நான்கும் அப்படியே இருந்தன, கூடவே ஒரு காஸ் அடுப்பும். ஜிபிஎஸ் வைத்துப் பார்த்ததில் மீட்டரில் 120 காட்டும்போது உண்மை வேகம் 113தான். எனக்கு 120ஐயே தாங்கவில்லை என்று நினைத்தேன், 113ஐயே தாங்கவில்லை.

டயரில் காற்று எவ்வளவு வைப்பது? பங்க்கில் ஒருவர், "வெயில் காலம், சூட்டில் ஏறும், நாலு பாயின்ட் குறைத்து வையுங்கள்" என்றார். சரியா?

மாங்கனி லாரி:

தப்பு. அதைக் கேட்டு லாரியில் டயர் வெடித்தவர்களை ஆதிலாபாத் மலைப்பக்கம் கண்ணால் பார்த்திருக்கிறேன். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். கம்பியை வளைத்து வளைத்துப் பாருங்கள், எப்படிச் சுடுகிறது? அதேதான். சூட்டைக் குறைக்கிறேன் என்று காற்றை இறக்கினால் சூடு ஏறும். பாரமும் வேகமும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதே இல்லை.

பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் பக்கமோ செயின் கார்டிலோ ஸ்டிக்கர் இருக்கும். இரண்டு பேர் அல்லது முழு லோடு என்று போட்டிருக்கும் அளவை விடிகாலை, டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். பங்க்குக்குப் போவதற்குள் டயர் சூடாகிவிடும் என்பதால் கையடக்க மீட்டரும், பேட்டரியில் மாட்டும் குட்டிப் பம்ப்பும் வாங்குங்கள். ஓடிச் சூடான பிறகு மூன்று நான்கு பாயின்ட் ஏறும். ஏறட்டும், இறக்காதீர்கள். அதையும் கணக்குப் போட்டுத்தான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் ஏறினால் காலையில் வைத்தது குறைவு என்று அர்த்தம்.

வழியைப் பற்றி: பெங்களூரு ஊருக்குள் போகாமல் சுற்றிப் போகும் நைஸ் ரோட்டில் இரவு 10 முதல் காலை 5 வரை பைக் விடமாட்டார்கள். ஹைதராபாத் வெளிவட்டச் சாலையில் பைக்குக்கு அனுமதி கிடையாது, பக்கத்து சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும், அதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். நாங்கள் லாரியில் வெயிலுக்குப் பயந்து இரவில் ஓட்டுவோம். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம், விளக்கில்லாத டிராக்டரும் படுத்திருக்கும் மாடும் லாரியைவிட உங்களுக்குத்தான் ஆபத்து. காலை 4.30க்கு எழுந்து 5க்குக் கிளம்பி, 11.30க்கு அன்றைய வேலையில் முக்கால் பாகத்தை முடித்துவிட்டு, 4 மணி வரை எங்காவது நிழலில் படுங்கள்.

நொய்யல்காரன்:

சியோனியில் இருந்து எழுதுகிறேன். மூன்றாம் நாள் முடிந்தது, அண்ணா போட்டுக்கொடுத்த அதே அட்டவணை.

மீட்டரில் 100, அதாவது உண்மையில் 94. லிட்டருக்கு 26 கொடுக்கிறது. 20 லிட்டர் டேங்கில் 400ஐத் தாண்டி நிரப்பினேன். கண்ணாடியில் கிளிப் துண்டு மாட்டியிருக்கிறேன், உதறல் முழுக்கப் போகவில்லை, ஆனால் லாரி எழுத்து ஒற்றையாகத் தெரிகிறது. காதடைப்பான் முதல் நாள் அரிச்சலாக இருந்தது. இரண்டாம் நாள் கர்னூலில் டீ குடித்துவிட்டு அதை மறந்து கிளம்பினேன். பத்து கிலோமீட்டரில் நிறுத்திச் செருகிக்கொண்டேன். இந்த இரைச்சலிலா இத்தனை வருடம் ஓட்டினேன்?

இன்று காலை பத்தரைக்கே பாந்தர்கவடா பக்கம் வண்டி 41 டிகிரி காட்டியது. நனைத்த பனியன், மூடிய ஜாக்கெட். முதலில் நம்பிக்கையே இல்லை. கால் மணி நேரத்தில் முதுகு சில்லென்றது. முக்கால் மணி நேரத்தில் பனியன் காய்ந்துவிடுகிறது, அதுதான் நிறுத்த வேண்டிய நேரம் என்று வைத்துக்கொண்டேன். மணி பார்ப்பதை விட்டுவிட்டேன், பனியன்தான் கடிகாரம். ஹிங்கன்காட்டில் ஒரு தாபா கட்டிலில் 12 முதல் 4 வரை தூங்கினேன். எழுப்பிய பையன் காசு வாங்கவில்லை, வண்டியில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான்.

அந்தி சாய நாக்பூர் தாண்டி பெஞ்ச் காட்டுக்குள் வந்தேன். சாலையே தூண்கள்மேல் ஏறிப் போகிறது, கீழே விலங்குகள் கடந்துபோக வழி விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒலித்தடுப்புச் சுவர், இடையிடையே மரங்களின் உச்சி. அங்கே மட்டும் 60ல் போனேன், அவசரம் இல்லை.

வழியில் ஒரு கூட்டம் என்னைக் கடந்து போனது, ஆறு பெரிய வண்டி, 130க்குக் குறையாது. நாக்பூருக்கு முந்தின பங்க்கில் பார்த்தேன். ஒருவர் தரையில் படுத்திருந்தார், இன்னொருவர் அவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது ஒரு சந்தேகம். ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் செயின் தொங்கலாகத் தெரிகிறது. கடைசியாக அனந்தபூரில் ஸ்ப்ரே அடித்தேன். இப்போதே இறுக்கிவிடவா, காலையில் பார்ப்பதா?

மாங்கனி லாரி:

அனந்தபூரில் இருந்து சியோனி ஆயிரத்தைத் தொடும் தம்பி. 500க்கு ஒரு முறை அடிக்க வேண்டும். இப்போது துணியால் துடைத்து, சூடாக இருக்கும்போதே ஸ்ப்ரே அடித்துவிட்டுத் தூங்குங்கள், இரவில் ஊறட்டும். இறுக்குவதைக் காலையில் பாருங்கள். பெட்டிகளை இறக்கிவிட்டு, சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் அளந்து, எங்கே அதிக இறுக்கமோ அந்த இடத்தில் ஸ்டிக்கரில் போட்ட அளவுக்கு வையுங்கள். அதைவிடக் கொஞ்சமும் இறுக்க வேண்டாம், லோடு ஏறினால் அது தானாக இழுபடும். அச்சு நட்டை இறுக்க 24ஆம் எண் ஸ்பேனர் பையில் இருக்கிறதா? இல்லையென்றால் பக்கத்தில் லாரி மெக்கானிக்கிடம் கேளுங்கள், கட்டாயம் இருக்கும்.

நொய்யல்காரன்:

இருக்கிறது அண்ணா. பக்கப் பெட்டியில், அடியில்.